மரபணுச் செயல்பாடும் பரம்பரையும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

சினோவியல் சார்கோமா என்னும் மென்திசுப் புற்றுநோயில் மரபணுச் செயல்பாட்டை அளப்பது குறித்துத் தங்கள் நாளிதழ் வெளியிட்ட செய்தி வரவேற்கத்தக்கது. எனினும், அதில் ‘மரபணுக் கோளாறு’ என்று மட்டும் குறிப்பிட்டிருந்ததால், இந்நோய் பெற்றோர் வழியே பிள்ளைகளுக்கு வருவது என்று நோயாளிகளின் குடும்பத்தினர் அஞ்ச நேரிடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

சார்கோமா எனப்படும் மென்திசுப் புற்றுநோய்களில் 5 முதல் 10 விழுக்காடு வரை இருக்கும் சினோவியல் சார்கோமா, பெரும்பாலும் இளம் வயதினரின் கை கால்களில் தோன்றுவது. இதில் எக்ஸ் குரோமோசோமும் 18ஆம் குரோமோசோமும் முறிந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால், எஸ்எஸ்18 மரபணுவோடு எஸ்எஸ்எக்ஸ் வகை மரபணு ஒன்றின் பகுதி இணைந்துவிடுகிறது. இந்த இணைவு கட்டியின் செல்களில் மட்டுமே காணப்படுவது, பரம்பரையாக வருவதன்று. அதிலிருந்து உருவாகும் புரதம், டிஎன்ஏ சுருண்டிருக்கும் விதத்தை மாற்றியமைக்கும் ‘பாஃப்’ என்னும் புரதக் கூட்டமைப்புக்குள் புகுந்து, அங்கிருந்த ஒரு புரதத்தை வெளியேற்றுவதால், அடங்கியிருக்க வேண்டிய பல மரபணுக்கள் செயல்படத் தொடங்குகின்றன. மரபணு செயல்படும்போது உருவாகும் ஆர்என்ஏவை ஆய்வகங்கள் அளந்து காண்பது இந்தத் தாறுமாறான செயல்பாட்டைத்தான்.

அதன் பயன் சிறியதன்று. டிஎல்இ1 என்னும் மரபணு இக்கட்டியில் மிகுந்து செயல்படுவது இத்தகைய அளவீட்டால் தெரியவந்த பிறகே, அதன் புரதத்தைச் சாயமேற்றிப் பார்க்கும் சோதனை நோயறிதலில் இடம்பெற்றது. ஆனால் வேறு சில கட்டிகளிலும் அது தென்படுவதால், இணைவை உறுதிசெய்யும் சோதனையும் தேவைப்படுகிறது. இயல்பாகப் பெரும்பாலும் விந்தகத்தில் செயல்படும் மேஜ்-ஏ4 மரபணு பல நோயாளிகளின் கட்டியிலும் விழித்தெழுவதைக் குறிவைத்து உருவான டி-செல் (நோயெதிர்ப்புச் செல்) சிகிச்சைக்கு, 2024 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது. அதுவும் எல்லோருக்குமானதன்று: கட்டியில் அந்தப் புரதம் இருக்க வேண்டும், நோயாளியின் திசுப் பொருத்த வகையும் ஒத்துவர வேண்டும்.

அரிய நோய் என்பதால் ஆய்வுகளில் சேரும் நோயாளிகள் சிலரே. பல்லாயிரம் மரபணுக்களைச் சில கட்டிகளில் அளந்தால், தற்செயலாகக்கூட ஏதோவொரு கோலம் தென்படும். எனவே, இத்தகைய செய்திகளை இனி வெளியிடும்போது, எத்தனை நோயாளிகளின் திசு ஆராயப்பட்டது, அதே முடிவு வேறொரு நோயாளிக் குழுவிலும் கிடைத்ததா என்ற இரண்டு விவரங்களையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்