செயலாளரின் ஆண்டறிக்கை 2022–23: கேதுரா கிப்புட்ஸில் ஓர் ஓய்வுநாள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். மாதக் கூட்டங்களும் பொங்கல் விழாவும் இவ்வாண்டும் குறைவின்றி நடந்தேறின. அவற்றின் விவரம் குறிப்பேட்டில் இருப்பதால், பலரும் கேட்டுக்கொண்டபடி பிப்ரவரிப் பயணத்தைப் பற்றியே இங்கு விரிவாகக் கூறுகிறேன்.

பிப்ரவரி 17, வெள்ளிக்கிழமை, இஸ்ரேலின் பீர்ஷெபா நகரிலிருந்து 25 பேர் வாடகைப் பேருந்தில் கேதுராவுக்குப் புறப்பட்டோம். நாட்டின் தென்கோடி நகரான ஏலாத்துக்கு வடக்கே ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில், மழை அரிதாகவே எட்டிப் பார்க்கும் அரவாப் பள்ளத்தாக்கில், அமெரிக்காவிலிருந்து வந்த யூத இளைஞர்கள் 1973-இல் அமைத்த கிப்புட்ஸ், அதாவது கூட்டுக் குடியிருப்பு, அது. தமிழ் விவிலியத்தில் ஆபிரகாமின் மனைவியாக வரும் கேத்தூராளின் பெயரே அதற்கும்.

பேருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வந்தது. முதல் நாளே நேரத்தை உறுதிசெய்துகொள்ளாத செயலாளரே அதற்குப் பொறுப்பு. மாலை ஐந்தரைக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும்; வெள்ளி மாலை தொடங்கிச் சனி இரவு முடியும் யூதர்களின் ஓய்வுநாளுக்கு விளக்கேற்றுவதோ அதற்கும் 18 நிமிடம் முன்பு. ஆகவே வழியிலுள்ள மிட்ஸ்பே ரமோன் ஊரில் இறங்கிப் பெரும்பள்ளத்தைப் பார்க்கும் திட்டத்தைக் கைவிட்டுச் சன்னல் வழியே பார்த்ததோடு சரி. சிலருக்கு அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை என்பதை அறிவேன்.

கேதுராவின் உணவுக்கூடத்தில், ஓய்வுநாளுக்கென்று செய்யும் ஹல்லா ரொட்டிகள் இரண்டு துணியால் மூடியிருந்தன. ஒருவர் திராட்சை ரசக் கிண்ணத்தை ஏந்திக் கித்தூஷ் என்னும் ஓய்வுநாள் வாழ்த்தை ஓதி முடிக்கும்வரை ரொட்டியை யாரும் தொடவில்லை. நம் பிள்ளைகளும் பசியை அடக்கிக்கொண்டு அமர்ந்திருந்தது செயற்குழு எதிர்பாராதது. ஓய்வுநாளில் பொதுவிடங்களில் கைப்பேசியை எடுக்க வேண்டாம் என்று முன்பே கேட்டுக்கொண்டிருந்ததால், ஆண்டுமலருக்குக் குழுப்படம் கிடையாது.

மறுநாள் காலை மெத்தூசலா என்ற பேரீச்சை மரத்தைக் காண நடந்தோம். சாக்கடல் அருகிலுள்ள பழைய மசாடாக் கோட்டையின் அகழ்வில் கிடைத்த, சுமார் 2000 ஆண்டுப் பழமையான விதையை எலைன் சோலோவே என்பவர் 2005-இல் முளைக்க வைத்தார். ஆண் மரம் என்பதால் அது காய்க்காது. ஆயினும் அதே போன்ற பழைய விதையிலிருந்து வளர்ந்த அன்னாள் என்னும் பெண் மரம், இதன் மகரந்தத்தைக் கொண்டு 2020-இல் பழம் தந்தது. பார்வைக்கு மற்றப் பேரீச்சைகளைப் போலத்தான் இருக்கிறது. “இதற்கா இவ்வளவு தூரம்?” என்று கேட்ட மூத்த உறுப்பினர் ஒருவர், விவரம் தெரிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். 2011-இல் தொடங்கிய சூரிய மின்புலத்தை எட்ட நின்றே பார்த்தோம்.

கணக்கு பற்றி ஒன்று: பெயர் கொடுக்காமல் கடைசியில் சேர்ந்த மூவரின் சாப்பாட்டுத் தொகையைப் பொருளாளர் சனிக்கிழமை நண்பகலில் நீட்ட, ஓய்வுநாளில் பணத்தைத் தொடுவதில்லை என்று கேதுராவினர் சிரித்தபடி மறுத்துவிட்டார்கள். ஞாயிறன்று அது அனுப்பப்பட்டு, ரசீது கோப்பில் உள்ளது.

அன்றிரவு விண்மீன்கள் தெரிந்தபின், பின்னிய மெழுகுவத்தியை ஏற்றி, நறுமணப் பொருளை முகர்ந்து நடத்திய ஹவ்தாலா என்னும் ஓய்வுநாள் நிறைவுச் சடங்கோடு விடைபெற்றோம்.

அடுத்த பயணத்தில் பேருந்து காலை எட்டு மணிக்கே வந்து நிற்க வேண்டும் என்றும், பெயர்ப்பட்டியல் புதன்கிழமையோடு மூடப்படும் என்றும் செயற்குழு தீர்மானித்துள்ளது. பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்