மிதித்தால் தயங்கும் வண்டி: கயலுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கயல் கண்ணுக்கு,

நேற்று போனில் நீ சொன்னதை அப்படியே குறித்து வைத்திருக்கிறேன். "ஆக்சிலேட்டரை மிதிச்சா சில நேரம் ஒரு நொடி வண்டி தயங்குது, அப்புறம் திடீர்னு எகிறுது. விளக்கு எதுவும் எரியல. சர்வீஸ்ல பார்த்துட்டு ஒண்ணும் இல்லைன்னு அனுப்பிட்டாங்க." மூன்று வருட வண்டி, ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல், மூன்று சிலிண்டர், டி.சி.டி. (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) கியர், 34,000 கிலோமீட்டர். இவ்வளவு தெரிந்தாலே பாதி தூரம் வந்துவிட்டோம்.

முதலில் உன் உயிர். காரணம் தெரியும்வரை லாரியை ஓவர்டேக் செய்ய எதிர்த்தடத்துக்குப் போகவே போகாதே. சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறும்போது இடது தடத்திலேயே வா. ஒரு நொடித் தயக்கம் என்பது 80 வேகத்தில் 22 மீட்டர், கண்ணு.

அடுத்தது ஆர்.பி.எம். முள், எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டுவது. தயங்கும் அந்த நொடியில் முள் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். நீ பார்க்காதே, பக்கத்து சீட்டில் இருப்பவர் போனில் வீடியோ எடுக்கட்டும். முள் விறுவிறுவென ஏறி, வண்டி மட்டும் ஏறவில்லை என்றால் எஞ்சினைத் தொடவே வேண்டாம், கிளட்ச் வழுக்குகிறது. முள் சீராக மெதுவாக ஏறி, 1,800 தாண்டியதும் வண்டி பாய்ந்தால் பெரும்பாலும் அது டர்போ காற்றழுத்தம் சேரும் நேரம்தான். சிறிய டர்போ எஞ்சினை 1,500க்குக் கீழே பெரிய கியரில் மிதித்தால் அப்படித்தான் இருக்கும், அது பழுதில்லை. முள் நடுங்கி, வண்டி முன்னும் பின்னும் வெட்டினால் ஸ்பார்க்கிலோ பெட்ரோலிலோ கோளாறு. கியர்தான் காரணமா என்று பிரிக்க ஒரு வழி இருக்கிறது. காலியான சாலையில் மேனுவல் மோடில் 3ஆம் கியரிலேயே வைத்து ஓட்டி, 2,000 ஆர்.பி.எம்.மில் இருந்து பாதி ஆக்சிலேட்டர் கொடு. அப்போதும் தயங்கினால் கியர்பாக்ஸ் மீதான சந்தேகம் பாதி குறைந்துவிடும்.

விட்டுவிட்டு வரும் கோளாறில் எந்த பார்ட் என்பதைவிட எப்போது வருகிறது என்பதுதான் முக்கியம். ஒரு வாரம் ஒவ்வொரு முறையும் எழுது: எஞ்சின் குளிர்ந்திருந்ததா, சூடா? டேங்க் எவ்வளவு? மழையா? ஏற்றமா? ஏ.சி. ஓடியதா? பெட்ரோல் போட்டு எவ்வளவு நேரம் ஆனது?

கடைசிக் கேள்வியை நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். பெட்ரோல் நிரப்பிய முதல் பத்து நிமிடம் மட்டும் தயங்கினால், ஸ்டார்ட் ஆகவும் இரண்டு முறை சுற்றினால், பர்ஜ் வால்வைச் சந்தேகப்படு. டேங்கில் எழும் ஆவியை ஒரு கரிப்பெட்டி பிடித்து வைக்கும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எஞ்சினுக்குத் திறந்துவிடுவது இந்த வால்வு. அது மூடாமல் நின்றுவிட்டால் கணக்கில்லாத ஆவி உள்ளே போய் கலவை கெட்டுவிடும். சோதிப்பது எளிது: எஞ்சின் அணைந்திருக்க, மின்சாரம் இல்லாதபோது அந்த வால்வு மூடியே இருக்க வேண்டும். கழற்றி ஒரு பக்கம் காற்று செலுத்தினால் மறுபக்கம் வரக் கூடாது. வந்தால் மாற்ற வேண்டியதுதான். பங்கில் துப்பாக்கி ஒருமுறை "டக்" என்று நின்ற பிறகு, ரூபாயை முழுதாக்க இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லாதே. அந்தப் பெட்ரோல் திரவமாகவே கரிப்பெட்டிக்குள் போய்ச் சேர வாய்ப்பு உண்டு.

டேங்க் கால் பாகத்துக்குக் கீழே இறங்கும்போது, வளைவிலும் ஏற்றத்திலும் மட்டும் வந்தால் டேங்குக்குள் இருக்கும் பம்பைப் பார்க்க வேண்டும். சர்வீஸ் முடிந்து வந்த வாரமே தொடங்கியது என்றால் ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா, டர்போவிலிருந்து வரும் ஹோஸின் கிளாம்ப் இறுகியிருக்கிறதா என்று பார். மிதிக்கும்போது "ஸ்ஸ்" என்று காற்று சீறினால் அங்கேதான் கசிவு. உன் அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் எலி உண்டு என்றாயே, ஒயரையும் சிறிய ரப்பர் குழாய்களையும் டார்ச் அடித்துப் பார்த்துவிடு.

ஐடிலில், அதாவது வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும்போது, எந்தக் குறையும் இல்லை, ஏற்றத்தில் மிதித்தால் மட்டும் வெட்டுகிறது என்றால் என் முதல் சந்தேகம் பொறி தரும் பிளக்கும், அதற்கு வோல்டேஜ் ஏற்றித் தரும் காயிலும். டர்போ காற்றை அமுக்கித் தரும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் பொறி இடைவெளியைத் தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். தேய்ந்த பிளக், பலம் குறைந்த காயில் இரண்டும் ஐடிலில் சமாளித்துவிடும், பாரம் ஏறும்போதுதான் காலை வாரும். மூன்று சிலிண்டரில் ஒன்று தவறினால் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், அதனால்தான் அப்படி உலுக்குகிறது.

பிளக்கை வெளியே எடுத்ததும் வெள்ளைப் பீங்கானை வெளிச்சத்தில் மெல்லச் சுற்றிப் பார்க்க வேண்டும். பென்சிலில் கோடு போட்டது போல மேலிருந்து கீழே மெல்லிய கருங்கோடு இருந்தால் மின்சாரம் முனையில் பாயாமல் அந்த வழியாகக் கசிந்திருக்கிறது. அதே கோடு காயிலின் ரப்பர் உறைக்குள்ளும் இருக்கும். பிளக்கை மட்டும் மாற்றினால் பழைய உறை புதுப் பிளக்கையும் கெடுக்கும், இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். பிளக் முனையின் இடைவெளி இத்தகைய எஞ்சின்களில் பெரும்பாலும் 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர், உன் கையேட்டில் போட்டிருப்பதுதான் இறுதி. இரிடியம் முனை ஊசி போல மெல்லியது, இடைவெளி அளக்கும் கேஜை உள்ளே நுழைத்து நெம்பினால் உடையும்.

காயிலைக் கண்டுபிடிக்க இடம் மாற்றிப் பார்த்தால் போதும். முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர் (பெட்ரோல் எரியாமல் தவறுவது) என்று ஸ்கேனர் (கோளாறைப் படிக்கும் கருவி) காட்டினால், அந்தக் காயிலை இரண்டாவதில் போடு. மிஸ்ஃபயரும் இரண்டாவதுக்குப் போனால் காயில்தான் குற்றவாளி. முதலிலேயே நின்றால் அடுத்து பிளக், பிறகு பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர். வாரண்டி இருக்கும்வரை நீயே கழற்றாதே, அவர்களை உன் முன்னால் மாற்றச் சொல்.

விளக்கு எரியவில்லை என்பதால் ஒன்றும் இல்லை என்று ஆகாது. பல கோளாறுகள் இரண்டு ஓட்டங்களில் அடுத்தடுத்து வந்தால்தான் விளக்கை எரியவிடும். ஒருமுறை வந்தது "பெண்டிங்" பிழைக்குறியீடாக வண்டியின் கம்ப்யூட்டருக்குள் காத்திருக்கும். ஒரு ஓ.பி.டி. ப்ளூடூத் ஸ்கேனர் வாங்கி ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓ.பி.டி. சாக்கெட்டில் செருகிப் படி. பி0300 பொதுவான மிஸ்ஃபயர், பி0301 முதல் சிலிண்டர், பி0171 கலவையில் பெட்ரோல் குறைவு, பி0087 பெட்ரோல் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாயில்) அழுத்தம் குறைவு, பி0299 டர்போ அழுத்தம் குறைவு, பி2138 ஆக்சிலேட்டர் பெடலின் இரண்டு சென்சார்களும் ஒத்துப்போகவில்லை.

பிழைக்குறியீடு எதுவும் இல்லாவிட்டால் ஓடும்போதே ஸ்கேனரில் பதிவு எடு. லாங் டெர்ம் ஃபியூயல் ட்ரிம், அதாவது கலவையைச் சரிக்கட்ட கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு, 5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. 10ஐத் தாண்டினால், ஐடிலில் அதிகமாகவும் ஆர்.பி.எம். ஏற ஏறக் குறைவாகவும் இருந்தால் எங்கோ காற்று கசிகிறது. மாறாக மிதிக்க மிதிக்கக் கூடினால் பெட்ரோல் போதவில்லை. ரெயிலில் கம்ப்யூட்டர் கேட்ட அழுத்தம், கிடைத்த அழுத்தம் இரண்டையும் ஒன்றாகப் பதிவு செய். தயங்கும் நொடியில் கேட்டது மேலே போக, கிடைத்தது கீழே விழுந்தால் பம்ப் பக்கம். பெடல் ஏறியும் த்ராட்டில் (எஞ்சினுக்குக் காற்றைத் திறந்துவிடும் தகடு) அந்த நொடி அசையாமல் இருந்தால் பெடல் சென்சார், த்ராட்டில் பாடி, அல்லது கம்ப்யூட்டரே பலத்தைக் குறைக்கிறது.

ட்ரிம் 4 சதவீதம் கூடியிருந்தால் பயந்துவிடாதே. ஈ10 (10 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலுக்கு ஒரு கிலோவுக்கு 14.1 கிலோ காற்று வேண்டும், ஈ20க்கு ஏறக்குறைய 13.5. அந்த வித்தியாசமே அவ்வளவு வரும். உன் வண்டி எதற்கு ஏற்றது என்று பெட்ரோல் மூடியின் உள்பக்க ஸ்டிக்கரையும் கையேட்டையும் பார்.

யாராவது "இன்ஜெக்டர் கிளீனர் ஊற்றுங்க, வால்வு கார்பன் போயிடும்" என்றால் காசு கொடுக்காதே. உன் எஞ்சினில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் அடிக்கிறது, காற்று நுழையும் இன்டேக் வால்வின் மேல் படுவதே இல்லை. டேங்கில் ஊற்றியது எப்படி அங்கே போய்க் கழுவும்? பேட்டரி கழற்றி மாட்டச் சொன்னாலும் சம்மதிக்காதே. பிழைக்குறியீடும் ட்ரிம்மும் அழிந்து, கண்டுபிடிக்கும் தடயமே போய்விடும்.

சர்வீஸுக்குப் போகும்போது ஜாப் கார்டில் "பிக்கப் இல்லை" என்று எழுதவிடாதே. "எஞ்சின் சூடான பின், 3ஆம் கியரில், 2,000 ஆர்.பி.எம்.மில், ஏற்றத்தில் பாதி ஆக்சிலேட்டர் கொடுத்தால் வெட்டுகிறது" என்று உன் குறிப்பில் உள்ளபடி எழுதச் சொல். டெக்னீஷியனைப் பக்கத்தில் உட்காரவைத்து நீயே ஓட்டிக் காட்டு. எஞ்சின், கியர்பாக்ஸ் இரண்டுக்கும் சாஃப்ட்வேர் அப்டேட் நிலுவையில் இருக்கிறதா என்றும் கேள். மாற்றிய பழைய பார்ட்டைக் கேட்டு வாங்கிப் பார்.

எஞ்சின் விளக்கு விட்டுவிட்டுச் சிமிட்டினால் மட்டும் எதற்கும் காத்திருக்காதே. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேடலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். காலை எடுத்து, ஓரம் கட்டி, டோ வண்டியைக் கூப்பிடு.

முதல் நான்கு நாள் குறிப்பையும் ஆர்.பி.எம். வீடியோவையும் வாட்ஸ்அப்பில் அனுப்பு. பதிவு எடுத்த ஃபைலையும் சேர்த்து அனுப்பு, இங்கே கம்ப்யூட்டரில் விரித்துப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா