விளக்கைப் போட்ட பிறகும் ஓடிய பெயர்கள்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் படத்தின் கடைசியில் உதவியவர்களின் பெயர்கள் இரண்டரை நிமிடம் ஓடுகின்றன. இதுவரை படம் போட்ட எல்லா இடத்திலும், முதல் பெயர் மேலே ஏறும்போதே விளக்கைப் போட்டுவிட்டார்கள். ஆட்கள் செருப்பைத் தேடவும் சேலையை உதறவும் ஆரம்பித்துவிட்டார்கள். யாரையும் குறை சொல்லவில்லை, நானும் அப்படி எழுந்து போனவன்தான். ஆனால் அந்தப் பெயர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அதனால் இந்த மடல்.

முதலில் காசு. கதையைக் கேட்டுக் கைகொடுத்த ஒரு தயாரிப்பாளர், படப்பிடிப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது விலகிவிட்டார். அவர் கணக்கு அவருக்கு. மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமின் ஒடேஸா குழு கேரளத்தில் ஊர் ஊராகப் போய்ப் படம் போட்டுக் காட்டி, ஜனங்களிடம் வசூலித்த காசில் 1986-ல் 'அம்ம அறியான்' எடுத்த கதையைச் சொல்லி எங்களைக் கிளப்பிவிட்டவர் எடிட்டர்தான். எங்களிடம் ஊர் ஊராகப் போக வண்டி இல்லை, போன்தான் இருந்தது. 386 பேர் கொடுத்தார்கள். திரும்பி வராத காசு என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் கேட்டேன். "அது உன் மொகத்தப் பாத்தாலே தெரியுதேடா" என்று சிரித்துவிட்டு 5,000 கொடுத்த என் பள்ளிக்கூடத் தமிழ் ஐயாவுக்கு முதல் நன்றி. போதாததற்கு வளையல்களைக் கழற்றிக் கொடுத்த என் மனைவிக்கு நன்றி சொன்னால் அடிப்பாள். வளையல் இன்னும் அடகுக்கடையில்தான் இருக்கிறது.

1976-ல் ஷ்யாம் பெனகலின் 'மந்தன்' படத்துக்கு குஜராத்தின் பால் உற்பத்தியாளர்கள் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் போட்டார்கள். படம் அவர்களைப் பற்றியது, காசும் அவர்களுடையது. எங்களுக்கு அப்படி அமையவில்லை. காசு போட்டவர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் இருந்தார்கள். படமோ தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்கிறவர்களைப் பற்றியது. அவர்கள் கொடுத்தது எங்கள் ரசீதுப் புத்தகத்தில் ஏறவே இல்லை.

முதல் நாள் காலை ஆறு மணிக்குக் கேமராவோடு போய் இறங்கினோம். பாத்தியில் பாதி வேலை முடிந்திருந்தது. உப்பு வாரிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார்: "வெயிலுக்குப் பயந்து நாங்க ரெண்டு மணிக்கே வந்துருவோம். நீங்க இப்ப வந்து என்னத்த எடுக்கப் போறீய?"

இரவில் எடுக்க லைட்டும் ஜெனரேட்டரும் வேண்டும். அதற்குக் காசு கிடையாது. அன்று மதியம் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த எங்களிடம் அதே அக்கா வந்து, தன் நெற்றியில் கட்டும் டார்ச்சைக் கழற்றிக் கேமராமேன் கையில் கொடுத்தார். "இந்த வெளிச்சத்துலதான நாங்க பாக்கோம். நீங்களும் பாருங்க." அவ்வளவுதான். மறுநாள் இரவு ஒன்பது பெண்களின் நெற்றி விளக்குகள்தான் எங்கள் லைட்டிங் யூனிட். வெள்ளை உப்பு அம்பாரமே ரிஃப்ளெக்டர். குறைந்த வெளிச்சத்திலும் படம் தெரியக் கேமராவின் ஐஎஸ்ஓவை ஏற்றியதில் கொஞ்சம் புள்ளி விழுந்தது, விழட்டும். படத்தில் எல்லோரும் பாராட்டுகிற அந்தப் பன்னிரண்டு நிமிடம் என் கற்பனை இல்லை, அந்த அக்காவுடையது. 'ஒளிப்பதிவு உதவி' என்று அவர் பெயரைப் போட்டிருக்கிறோம். யாரும் படிக்கவில்லை!

உப்பளத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் லைவ் சவுண்டு எடுக்க முடியாது. தினமும் நாங்கள் கைகாட்டும்போதெல்லாம் அதை நிறுத்திவைத்த அண்ணாச்சிக்கு அதனால் முதலாளியிடம் ஏச்சு விழுந்தது. அது எங்களுக்குத் தெரியவந்தது படப்பிடிப்பு முடிந்த பிறகுதான். 19 நாள் கேமரா கொடுத்துவிட்டு 12 நாள் வாடகை வாங்கிக்கொண்ட கடைக்காரர், உப்புக்காற்றில் இறுகிப்போன லென்ஸ் வளையத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு மட்டும் விட்டார். 22 பேருக்கு மூன்று வேளையும் சமைத்துப் போட்ட மைனி, மீன் விலை ஏறியது எங்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டார். பேட்டா பாதியே வாங்கிய உதவி இயக்குநர்கள் நால்வருக்கும் மீதிப் பாதி என் தலைமேல் நிற்கிறது.

சென்சார் வேலையைத் தனியாளாகச் சுமந்த தம்பிக்கும் நன்றி. ஒரு கிழவர் பீடி பிடிக்கிறார் என்பதற்காகத் தொடக்கத்திலும் நடுவிலும் புகையிலை எச்சரிக்கையைச் சேர்த்து, பீடி தெரிகிற இடமெல்லாம் கீழே எழுத்தும் போட வேண்டும். தானாக ஃபிரேமுக்குள் வந்து அழகாக நின்ற ஓர் ஆட்டை, விலங்குகள் நல வாரியத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கவில்லையே என்று பயந்து நாங்களே வெட்டிவிட்டோம். அந்த ஆட்டுக்கும் நன்றி.

வரவு செலவுக் கணக்கு எழுதிய நோட்டு என்னிடம் இருக்கிறது. காசு கொடுத்த யார் கேட்டாலும் காட்டுவேன். கையிருப்பு 3,640 ரூபாய். உப்பளத்துக்காரர்களின் தெருவில் திரை கட்டிப் படம் போட அதை வைத்திருக்கிறோம். அங்கே பெயர்கள் ஓடி முடியும்வரை விளக்கைப் போட விடமாட்டேன்.

ஒரே ஒரு பெயர் மட்டும் விட்டுப்போயிருக்கிறது. படப்பிடிப்பின் பதினோராம் நாள், கையில் டீக்குக்கூடக் காசில்லாமல் நின்றபோது, என் ஜிபேயில் 101 ரூபாய் வந்தது. 'டீ செலவுக்கு' என்று குறிப்பு. அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஓர் ஆங்கில எழுத்துதான் இருந்தது. திரும்ப அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை. நீங்கள் இதைப் படித்தால் பெயரைச் சொல்லுங்கள். டிசிபியை, அதாவது தியேட்டருக்குக் கொடுக்கும் டிஜிட்டல் பிரதியை, மறுபடி போட வேண்டியிருக்கும், போட்டுக்கொள்ளலாம்.