மெழுகை இரவு முழுக்கக் காக்க வைக்காதீர்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிரவுன் (பல்லின் மேல் மாட்டும் உறை) போட்டுக்கொண்டவர்கள், அதைச் செய்து தரும் பல் லேபில் நான் வேலை பார்ப்பது தெரிந்தால் உடனே கேட்பார்கள்: அளவெடுத்து இத்தனை நாள் கழித்துப் போனால், சரியாக உட்காரவில்லை என்று திரும்பவும் லேபுக்கே அனுப்புகிறார்களே, ஏன்? அளவெடுத்ததிலேயே பிசகியிருக்கலாம். ஆனால் எங்கள் மேசையிலேயே நடக்கும் ஒரு தவறும் உண்டு, அதை இந்தத் தொழிலுக்கு வரும் இளையர்களும் எங்களை அவசரப்படுத்தும் கிளினிக்குகளும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இன்று ஸ்கேன் செய்து இயந்திரத்தில் கடைந்தெடுக்கும் வேலை பெருகிவிட்டது. ஆனாலும் உலோகத்தில் வார்க்கும் கிரவுனுக்கும், இல்லாத பல்லுக்குப் பதிலாகப் பக்கத்துப் பற்களோடு இணைத்துப் போடும் பிரிட்ஜுக்கும் இன்னமும் கையால் மெழுகு கட்டுகிறோம். சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்க்கிறார்களே, அதே வழிதான்: மெழுகில் உருவம், சுற்றிலும் மண், மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் உலோகம். பல் மருத்துவத்தில் இதை 1907இல் பரவச் செய்தவர் வில்லியம் டேகர்ட் என்ற அமெரிக்கர். சிலையில் ஒரு முடியளவு கூடக்குறைய இருந்தால் யாருக்கும் தெரியாது, பல்லில் அந்த முடியளவு இடைவெளியில்தான் உணவு சேர்ந்து சொத்தை பிடிக்கும்.

மெழுகு 37 டிகிரியிலிருந்து 25 டிகிரிக்கு ஆறினாலே சுமார் 0.35 விழுக்காடு சுருங்கும். 10 மில்லிமீட்டர் கடைவாய்ப் பல்லில் அது 0.035 மில்லிமீட்டர். இது கணக்குக்குள் அடங்குகிற சுருக்கம். தங்கக் கலவையும் இறுகும்போது ஏறக்குறைய 1.5 விழுக்காடு சுருங்கத்தான் செய்கிறது, மெழுகைச் சுற்றி ஊற்றும் இன்வெஸ்ட்மென்ட் கலவை அதற்கேற்ப விரிந்து ஈடுகட்டிவிடும். கணக்கில் அடங்காதது மெழுகு முறுக்கிக்கொள்வதுதான். ஒரு மெழுகுக் குச்சியை இளக்கி, லாடம்போல் வளைத்து, குளிர்ந்த நீரில் இறுக விட்டு, அப்புறம் சாதாரணத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பாருங்கள். மறுநாள் இரண்டு முனையும் விலகியிருக்கும். நாம் வளைத்ததை அது மறக்கவில்லை, மெல்ல மெல்லப் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இது புரியவில்லை. மூன்று பல் பிரிட்ஜுக்கு மாலையில் மெழுகு கட்டி முடித்தேன், நேரமாகிவிட்டது, காலையில் இன்வெஸ்ட்மென்ட் ஊற்றிக்கொள்ளலாம் என்று மேசையிலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். இரவில் ஏர்கானை அணைத்துவிடுவார்கள், நம் ஊர் வெக்கை அறைக்குள் ஏறும், காலையில் மறுபடி குளிரும். பார்வைக்கு மெழுகில் ஒரு குறையும் இல்லை. வார்த்து எடுத்து டையில், அதாவது நோயாளியின் பல்லைப்போலவே செய்த அச்சில், வைத்தால் ஒரு பக்கம் அழுத்த மறுபக்கம் தூக்குகிறது, நாலுகால் மேசையில் ஒரு கால் குட்டையானது மாதிரி. அந்த நோயாளி ஒரு பெரியவர், இன்னொரு முறை விடுப்பெடுத்து வந்தார். அது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

அதற்குப் பிறகு நான் விடாமல் செய்வது இதுதான். முதல் அடுக்குக்கு டையை ஒரே சூட்டிலுள்ள மெழுகுச் சட்டியில் முக்கி எடுப்பேன், அதனால் எங்கும் ஒரே மாதிரி படியும். மேற்கொண்டு சேர்ப்பதைச் சொட்டுச் சொட்டாகத்தான் சேர்ப்பேன், ஒன்று ஆறிய பிறகே அடுத்தது, ஆறும்போது விரலால் அழுத்திப் பிடிப்பேன். ஒரேயடியாக நிறைய ஊற்றி, ஆறியதைச் சுரண்டிச் செதுக்கி வடிவம் கொண்டுவந்தால் உள்ளே இறுக்கம் சேர்ந்துவிடும். பிரிட்ஜ் என்றால் கடைசியில் இணைப்பை மெல்லிய பிளேடால் அறுத்து, இறுக்கம் விட்டதும் மறுபடி ஒட்டுவேன். ஓரத்தைச் சுற்றி ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு மெழுகைத் திரும்ப உருக்கி டையோடு படியவைப்பது எல்லாவற்றுக்கும் கடைசி வேலை. அது முடிந்ததும் ஸ்ப்ரூ (உலோகம் உள்ளே ஓட வழிவிடும் குச்சி) வைத்து, டையிலிருந்து கழற்றி, உடனே இன்வெஸ்ட்மென்ட் ஊற்றிவிட வேண்டும். நடுவில் சாப்பிடக்கூடப் போகமாட்டேன். நேரமாகிவிட்டால் மெழுகை டையிலேயே விட்டுவிட்டு, மறுநாள் ஓரத்தைப் புதிதாக உருக்கிச் சரிசெய்துதான் ஊற்றுவேன்.

மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள்: மாலை ஐந்து மணிக்கு மாடலை அனுப்பிவிட்டு மறுநாளே வேண்டும் என்று தயவுசெய்து கேட்காதீர்கள், கூட ஒரு நாள் கொடுங்கள். கிரவுன் போட்டுக்கொள்பவர்களும், கடிக்கும்போது அது ஆடினாலோ ஓரத்தில் நாக்கில் தட்டினாலோ, பழகிவிடும் என்று இருந்துவிடாமல் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். திரும்ப வந்தால் நாங்கள் செய்து தருகிறோம்.

இப்படிக்கு,
பல் லேப் ஊழியர் ஒருவர்,
உட்லண்ட்ஸ்