முதலில் நின்ற பெயர்

அன்புக் கண்ணு,

உன் துறைச் செய்திமடலை நேற்று இரவே படித்துவிட்டேன், இன்று காலை கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தேன். உனக்கு ஆராய்ச்சி நல்கை, உன் முதல் ஆய்வு மாணவியின் கட்டுரை வெளியாகியிருக்கிறது, உன்னோடு வேலை பார்க்கும் இரண்டு பேருக்குப் பதவி உயர்வு, ஒரு எம்.எஸ்ஸி. பையனுக்கு மாநாட்டில் சிறந்த போஸ்டர் பரிசு. ரொம்ப சந்தோஷம். அந்த நல்கைக்கு நீ எழுதிய விண்ணப்பம் இரண்டு தடவை திரும்பி வந்தது, இரண்டாவது தடவை ஒரு வாரம் போனில் சரியாகப் பேசாமல் இருந்தாய், எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது.

ஆனால் என் மனசு நின்றது அந்தக் கட்டுரையில்தான். அவள் பெயர் முதலில், உன் பெயர் கடைசியில். அப்பா பார்த்துவிட்டு, "இவளை ஏன் கடைசியில் போட்டிருக்கிறார்கள்?" என்று கேட்டார். சோதனையைச் செய்து எழுதியவர் முதலில் வருவார், வழிகாட்டும் நெறியாளர் கடைசியில் வருவார், உங்கள் துறையில் அதுதான் வழக்கம் என்று நான் சொன்னேன்.

நீ பிறப்பதற்கு முன்பு நான் ஆய்வேடுகள் தட்டச்சு செய்து கொடுத்தேன், தெரியும் இல்லையா? உள்ளே இருக்கும் சமன்பாடு எதுவும் எனக்குப் புரியாது, நன்றியுரையை மட்டும் வரி விடாமல் படிப்பேன். ஒரு பையன் எல்லாப் பக்கமும் அடித்து முடித்த பிறகு ஓடி வந்தான், ராத்திரியில் தனக்காக ஆய்வகத்தைத் திறந்துவிட்ட உதவியாளரின் பெயர் விட்டுப்போய்விட்டது என்று. அந்தப் பக்கத்தைத் திரும்ப அடித்தேன், காசு வாங்கவில்லை. இன்னொருத்தி, தன் அளவீடுகள் தன் பெயரே இல்லாமல் வேறொருவர் கட்டுரையில் வந்துவிட்டன என்று என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து அழுதாள். அவளுக்கு என்ன சொல்வது என்று எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை.

ஜோஸ்லின் பெல் பற்றி நீதான் எனக்குச் சொன்னாய். 1967இல் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவி, ரேடியோ தொலைநோக்கியிலிருந்து மீட்டர் கணக்கில் வந்த பதிவுத்தாளைக் கண்ணாலேயே பார்த்துப் பார்த்து ஒரு சின்ன கிறுக்கலைப் பிடித்தாள், அதுதான் முதல் பல்சார், சீரான இடைவெளியில் ரேடியோத் துடிப்புகளை அனுப்பும் ஒரு வகை விண்மீன். 1974இல் நோபல் பரிசு அவளுடைய நெறியாளர் ஹியூவிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் போனது. 2018இல் வேறொரு பெரிய பரிசாக அவளுக்கு 30 லட்சம் டாலர் வந்தபோது, வாய்ப்புக் குறைந்த பின்னணியிலிருந்து வரும் இயற்பியல் ஆய்வு மாணவர்களின் உதவித்தொகைக்கு அவ்வளவையும் கொடுத்துவிட்டாள். அதே வருஷம்தான் டோனா ஸ்ட்ரிக்லண்டுக்கு நோபல். 1985இல் மாணவியாக அவள் எழுதிய லேசர் கட்டுரையில் இரண்டே பெயர்கள், முதலில் அவள், அடுத்து நெறியாளர் ஜெரார்ட் மூரூ. பரிசும் இருவருக்கும் கிடைத்தது. அந்தக் கட்டுரை தன் மாணவியுடையது என்று பெயர் வரிசையிலேயே சொல்லிவிட்ட அந்த மனிதர் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. இப்போது நீயும் அதையே செய்திருக்கிறாய்.

சரி, ஒரு குறை சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. செய்திமடலில் உன் நல்கைக்கு ஒரு பத்தி, அவள் கட்டுரைக்கு ஒரே வரி. அடுத்த முறை அவள் என்ன கண்டுபிடித்தாள் என்று இரண்டு வரியாவது நீயே எழுதிக் கொடு. எத்தனை முறை சோதனை பிசகியது, மதிப்பீட்டாளர்கள் கேட்டதற்கெல்லாம் எப்படி உட்கார்ந்து பதில் எழுதினாள் என்பதையெல்லாம் நீ என்னிடம் மணிக்கணக்கில் சொல்லியிருக்கிறாய், அதைப் படிக்கிறவர்களுக்கும் சொல்லலாம். போஸ்டர் பரிசு வாங்கிய பையனிடம் நேரில் போய்ப் பேசு, அவன் உன் மாணவன் இல்லாவிட்டாலும்.

அப்புறம், அவள் வீட்டில் யாரும் கல்லூரிக்குப் போனதில்லை என்று சொன்னாயே. முதல் பெயர் என்றால் என்ன அர்த்தம் என்று அவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அவளிடம் கேட்டுக்கொண்டு ஒரு நாள் நீயே போன் போடு. உன் அப்பாவுக்கு நான் சொன்னதுபோல, அவளுடைய அப்பா அம்மாவுக்கு நீ சொல். பேசிவிட்டு, அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா