மலை நியாலா வேட்டை: படமும் தப்பு, கேட்ட கேள்வியும் தப்பு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை எத்தியோப்பியா மலைக்கு காசு கட்டி மலை நியாலாங்கற மறிமான வேட்டையாட போறவங்கள பத்தி முழுப்பக்கம் போட்டிருந்தீங்க. படிச்சதுல இருந்து மனசு கேக்கல, அதான் எழுதறேன். நான் அங்க பேலே மலைப்பக்கம் நாலு வருஷம் காலேஜ்ல பாடம் நடத்தினவன், நீங்க எழுதின மிருகத்த கிட்ட நின்னு பாத்தவன்.

முதல்ல படம். நீங்க போட்டது தென்னாப்பிரிக்கா பக்கம் இருக்கற சாதாரண நியாலா. காலெல்லாம் ஆரஞ்சு கலர்ல, தொண்டையில இருந்து வயிறு வரைக்கும் முடி தொங்குது பாருங்க, அது கீழ்நாட்டு புதர்க்காட்டு மிருகம். மலை நியாலாவுக்கு அந்த தொங்கற முடியே கிடையாது. பேர் ஒண்ணா இருக்கே தவிர ரெண்டும் நெருங்கின சொந்தம்கூட இல்ல. மலை நியாலா உலகத்துல எத்தியோப்பியால மட்டும்தான் இருக்கு, அதுவும் பேலே, அர்சி, அத சுத்தின மலைகள்ல மட்டும். அம்ஹாரிக் மொழியில தேகா அகாசென்னு சொல்வாங்க, தேகான்னா குளிரான மேட்டுநிலம். அவங்க நாட்டு 10 சென்ட் காசுல இதோட படம்தான் இருக்கு, அவ்வளவு சொந்தமா நினைக்கிற மிருகம்.

1908ல பக்ஸ்டன்னு ஒரு ஆங்கிலேய மேஜர் சுட்டுக் கொண்டுபோனதுக்கு அப்புறம்தான் வெளி உலகத்துக்கே இப்படி ஒண்ணு இருக்குன்னு தெரியும், 1910ல லிடெக்கர்னு ஒரு விலங்கியல் அறிஞர் அதுக்கு அறிவியல் பேர் வச்சப்ப அந்த மேஜர் பேரையே வச்சார். ஆப்பிரிக்காவோட பெரிய மறிமான்கள்ல கடைசியா வெளி உலகத்துக்கு தெரிஞ்சது இதுதான்.

நான் பாத்தத சொல்றேன். டின்ஷோன்னு ஒரு சின்ன ஊர், 3,000 மீட்டருக்கு மேல, பேலே தேசியப் பூங்காவோட ஆபீஸ் அங்கதான். ஒரு நாள் காலைல ஆறரை மணி இருக்கும், புல்லு மேல எல்லாம் வெள்ளையா உறைபனி, ஹகேனியா மரத்துக்கு அடியில ஒரு கிடா நின்னுட்டு இருந்துச்சு, எனக்கும் அதுக்கும் இருபது அடிதான் இருக்கும். மூக்குல இருந்து ஆவி வருது. உடம்பு சாம்பல் கலந்த பழுப்பு, முதுகுல பிடரி மாதிரி முடி, ரெண்டு கண்ணுக்கு நடுவுல வெள்ளையா ஒரு கோடு, தொடையில அங்கங்க வெள்ளை புள்ளி, கொம்பு முறுக்கிக்கிட்டு மேல போயி நுனியில மட்டும் வெளிறி இருந்துச்சு. என்ன பாத்துச்சு, ஓடல, ஒரு வாய் புல்ல மென்னுட்டு மெதுவா மூடுபனிக்குள்ள நடந்து போச்சு. நல்ல கிடா 300 கிலோ வரைக்கும் வரும், ஆனா நடக்கற சத்தமே கேக்கல. பூங்காவுல இருக்கற கைசே புல்வெளிப் பக்கம் போனா காலடியில மிதிபடற செடியில இருந்து ஒரு வாசனை வரும், நம்ம மருக்கொழுந்து குடும்பம்தான் அது, இந்த மிருகம் அதையும் மேயும். இன்னிக்கும் மருக்கொழுந்து வாசனை வந்தா எனக்கு அந்த கிடாதான் ஞாபகம் வருது.

இப்ப வேட்டைக்கு வர்றேன். பூங்காவுக்குள்ள வேட்டை கிடையாது. பூங்காவுக்கு வெளிய இருக்கற மலைக்காடுகள்ல சில பகுதிகள வேட்டைக்குன்னு ஒதுக்கி கம்பெனிகளுக்கு குத்தகைக்கு விடறாங்க, வருஷத்துக்கு இத்தனை கிடாதான்னு கோட்டா உண்டு, பொட்டைய தொடக்கூடாது, கொம்பு இருக்கறதும் கிடாவுக்கு மட்டும்தான். ஒரு கிடாவுக்கு லைசென்ஸ் மட்டும் பல ஆயிரம் டாலர் போகுது, கைடு, கேம்ப், குதிரை எல்லாம் சேத்தா மொத்த ட்ரிப்பு செலவு அதுல பல மடங்கு. உங்க கட்டுரையில ஏதோ ஜீப்ல போயி சுட்டுட்டு வர்ற மாதிரி எழுதியிருந்தீங்க, அப்படி இல்லீங்க. எரிக்கான்னு ஒரு புதர், ஆள் உயரத்துக்கும் மேல வளர்ந்து மலைச்சரிவு முழுக்க அடைச்சுட்டு நிக்கும், பகல்ல கிடா அதுக்குள்ள போயி படுத்துடும், விடியக்காலையும் சாயந்தரமும்தான் வெளிய தலை காட்டும். அதனால எதிர்மேட்டுல பைனாகுலர வச்சுக்கிட்டு குளிர்லயும் மழையிலயும் நாள்கணக்கா உக்காந்திருக்கணும், வாரக்கணக்கா உக்காந்தும் வெறுங்கையோட போனவங்க இருக்காங்க. உண்மையில அந்த கிடாவ கண்டுபிடிக்கறது காசு கட்டினவர் இல்ல, தடம் பாக்கற உள்ளூர் ஒரோமோ இனத்து ஆள்தான், அவர பத்தி உங்க கட்டுரையில ஒரு வரிகூட இல்லாதது எனக்கு ரொம்ப வருத்தம்.

நான் துப்பாக்கி தொட்டதில்ல, அந்த கிடாவ பாத்த கண்ணோட அத சுடறத நினைச்சா வயிறு கலங்குது, அத மறைக்க மாட்டேன். ஆனா "வேட்டைய தடை பண்ணா மான் பொழைச்சுக்கும்"னு ஒரே வரியில முடிச்சீங்க பாருங்க, அதுதான் தப்பு. பக்கத்து கென்யாவ எடுத்துக்கோங்க, 1977லயே வேட்டைய மொத்தமா தடை பண்ணிட்டாங்க, அங்க அபர்டேர் மலையிலயும் கென்யா மலையிலயும் இருக்கற மலை போங்கோங்கற மறிமான் இன்னிக்கு காட்டுல நூறுகூட இல்ல. திருட்டு வேட்டை, வேட்டை நாய், மாட்டுல இருந்து வந்த நோய், காடு அழிஞ்சது, எல்லாம் சேந்து தீத்துடுச்சு, கடைசியில 2004ல அமெரிக்கா மிருகக்காட்சி சாலைகள்ல வளந்த 18 போங்கோவ விமானத்துல திரும்ப கொண்டுவர வேண்டியதாப் போச்சு. தடைக்கு அப்புறம் சட்டப்படி ஒருத்தனும் போங்கோ மேல ஒரு குண்டுகூட சுடாமயே அந்த நிலைமை.

பேலேலயும் அப்படித்தான், மலை நியாலாவ அதிகமா விரட்டறது மாடும் பார்லியும் நாயும். நான் இருந்தப்பவே வருஷா வருஷம் உழவு மேல மேல ஏறிட்டே போறத கண்ணால பாத்தேன். புது புல்லு வரணும்னு எரிக்கா புதருக்கு தீ வைப்பாங்க, நியாலா ஒளியற இடமே போயிடும். இதெல்லாம் செய்யறவங்க கெட்டவங்க இல்லீங்க. டீக்கடையில பழக்கமான ஒரு பெரியவர், மூணு வயல் பார்லி வச்சிருந்தார், ராத்திரி நியாலா கூட்டமா எறங்கி ஒரு வயல காலி பண்ணிடுச்சு. அவர் எங்கிட்ட கேட்டார்: "ஃபெரெஞ்சி வந்து இத சுடறதுக்கு எவ்ளோ காசு குடுக்கறான்னு எனக்கு தெரியும் வாத்தியாரே, என் பார்லிக்கு யார் காசு குடுப்பா?" எனக்கு பதில் சொல்ல தெரியல. ஃபெரெஞ்சின்னா வெளிநாட்டுக்காரன், என்னையும் அப்படித்தான் கூப்பிடுவாங்க.

நீங்க கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான், அந்த பெரியவருக்கு என்ன கிடைக்குது? 1991ல எத்தியோப்பியாவ ஆண்ட மெங்கிஸ்துவோட அரசாங்கம் கவிழ்ந்தப்ப என்ன நடந்துச்சுன்னு அங்க வயசானவங்க எல்லாரும் சொல்வாங்க. பூங்கான்னு சொல்லி மேய்ச்சல் நிலத்துல இருந்து விரட்டப்பட்ட கோவம் வருஷக்கணக்கா உள்ள இருந்துச்சு, காவல் இல்லாம போன உடனே அந்த கோவம் மிருகத்து மேல திரும்பிச்சு, கைசே பக்கம் நூத்துக்கணக்குல மேஞ்ச நியாலா கொஞ்ச நாள்ல வெகுவா கொறைஞ்சு போச்சு. எந்த வெளிநாட்டு வேட்டைக்காரனும் ஒரு நூறு வருஷத்துல செஞ்சிருக்க முடியாத சேதம் அது. திரும்ப கூடினதுகூட டின்ஷோ ஆபீஸ சுத்தி காவல் இருந்த இடத்துலதான்.

அதனால என் எண்ணம் என்னன்னா, ஒரு கிழக்கிடாவுக்கு வர்ற காசு அந்த காட்டு ஓரத்து கிராமத்துக்கு பள்ளிக்கூடமா, கிளினிக்கா, போன பார்லிக்கு நஷ்ட ஈடா கண்ணுக்கு தெரியற மாதிரி போனா, அந்த ஊர்க்காரங்களே எரிக்காவுக்கு தீ வைக்கறவன தடுப்பாங்க. போகலன்னா அந்த வேட்டைக்கு எந்த நியாயமும் இல்ல, அன்னிக்கே நிறுத்தணும், இதுல நான் உறுதியா இருக்கேன். நல்லா நடக்கற வேட்டைப் பகுதிகள்ல கம்பெனி சம்பளத்துல காவலுக்கு ஆள் சுத்தறாங்க, வேட்டையும் இல்லாம பூங்காவும் இல்லாம இருக்கற மலைய மாடு எடுத்துக்குது, இதையும் பாத்திருக்கேன்.

இன்னொண்ணு, எண்ணிக்கை. சிலர் 2,000க்கும் கீழன்னு சொல்றாங்க, சிலர் 4,000 வரைக்கும் போறாங்க. புதருக்குள்ள படுத்துக்கற மிருகத்த எண்றது லேசு இல்லதான், ஆனா அந்த எண்ணிக்கைய வச்சுதான கோட்டா போடறாங்க? அப்ப எண்ற வேலையில வேட்டையால லாபம் பாக்கறவங்க கை இருக்கவே கூடாது. சுட்ட ஒவ்வொரு கிடாவோட வயசும் வெளிய சொல்லணும், கொம்பு நீளத்த மட்டும் டேப் வச்சு அளந்து பெருமை பேசினா போதாது. கொம்பு வருஷா வருஷம் உதிர்ந்து முளைக்கற புள்ளிமான் கதை இல்ல இது, வாழ்நாள் பூரா ஒரே கொம்பு. இன்னும் பொட்டையோட சேர்ற வயசுல இருக்கற கிடாவ பெரிய கொம்புக்காக எடுத்தா அந்த பள்ளத்தாக்குல அடுத்த வருஷம் குட்டி கொறையலாம். காயம்பட்டு புதருக்குள்ள போயி கிடைக்காம போனதையும் கோட்டாவுல கழிக்கணும்.

பேலேய 2023ல யுனெஸ்கோ உலக பாரம்பரிய இடமா அறிவிச்சிருக்காங்க, சந்தோஷம்தான். ஆனா மலை நியாலா பூங்கா எல்லைய பாத்து நடக்கறது இல்ல, நிறைய எல்லைக்கு வெளிய, இந்த வேட்டைக் காடுகள்லதான் இருக்கு.

அடுத்த ஞாயித்துக்கிழமை திருத்தம் போடறப்ப சரியான படத்த போடுங்க. நான் டின்ஷோல எடுத்த அந்த கிடாவோட போட்டோ இதோட வச்சிருக்கேன், கொஞ்சம் மூடுபனியா இருக்கும், கண்ணுக்கு நடுவுல இருக்கற வெள்ளைக்கோடு நல்லாவே தெரியும். காசு எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
பேலேல வாத்தியாரா இருந்த உங்க வாசகன்