பொருள் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் மாணவர் பக்கத்தில் நாள்தோறும் வரும் ஆங்கில மரபுத்தொடர் பகுதியைத் தவறாமல் படிக்கிறேன். ஒரு தொடர், எதிரே அதன் பொருள், அவ்வளவுதான் இருக்கிறது. 28 ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்த நானும் அப்படித்தான் பட்டியல் போட்டுக் கொடுத்தேன்.

என் பட்டியலில் ‘கிக் த பக்கெட்’ என்பதற்கு நேரே ‘இறந்துபோ’ என்று எழுதியிருந்தேன். அதை மனப்பாடம் செய்த மாணவி ஒருத்தி, வேலைக்குப் போன பிறகு, மேலதிகாரியின் தாயார் மறைந்தபோது அனுப்பிய இரங்கல் கடிதத்தில் அதையே எழுதிவிட்டாள். பதில் வரவில்லை. என்ன தப்பு என்று என்னிடம்தான் வந்து கேட்டாள். ‘மண்டையைப் போட்டார்’ என்றாலும் ‘காலமானார்’ என்றாலும் செய்தி ஒன்றுதான். துக்க வீட்டில் எதைச் சொல்லக் கூடாது என்பது தமிழில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆங்கிலத்தில் அதை நான் சொல்லித்தந்திருக்க வேண்டும். ‘காலமானார்’ என்பதற்கு ஈடான ‘பாஸ்ட் அவே’ என்பதையும் பக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும். அன்று அவள் நின்ற நிலை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

எல்லாத் தொடர்களும் இப்படிக் காலை வாருவதில்லை. ‘ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்’ என்பதற்கு ‘அத்தி பூத்தாற்போல’ என்று சொன்னால் வேலை முடிந்தது.

ஆங்கிலேயருக்கும் அமெரிக்கருக்கும் இடையே பொருள் மாறுகிற தொடர்களுக்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும். கூட்டத்தில் ஒன்றை ‘டேபிள்’ செய்வோம் என்று பிரிட்டன்காரர் சொன்னால், இப்போதே விவாதிக்கலாம் என்று பொருள். அமெரிக்கர் சொன்னால், ஒத்திப்போடுவோம் என்று பொருள். இரண்டாம் உலகப் போரின்போது இரு நாட்டுப் படைத் தலைமை அதிகாரிகளும் இந்த ஒரு சொல்லால் நெடுநேரம் வாக்குவாதம் செய்ததையும், இருவரும் கேட்டது ஒன்றையே என்று பிறகுதான் புரிந்ததையும் சர்ச்சில் தம் போர் வரலாற்றில் எழுதியிருக்கிறார். தாய்மொழிக்காரர்களுக்கே இந்தப் பாடு என்றால், பட்டியலை மட்டும் நம்பிப் போகும் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

ஆகவே ஒவ்வொரு தொடருக்கும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியமும், அதை யாரிடம் சொல்லலாம், யாரிடம் கூடாது என்று ஒரு வரியும் சேர்த்து வெளியிடுங்கள். இடம் போதாதென்றால் வாரத்துக்கு 2 தொடர்கள் வந்தாலும் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை